அக்காவின் அட்டையில் தங்கையின் காய்ச்சல்

அக்கா தங்கையை ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்குக் கட்டிக்கொடுத்தால் சண்டை சச்சரவு வராது என்று நம்பினார் ஒரு தகப்பனார். பாவம், அந்த மனுஷருக்குத் தன் இளைய மகளைத் தெரியாது.

இந்திராணிக்கு அக்கா தனபாக்கியத்தைக் கண்டாலே வயிறு எரியும். பிறந்த வீட்டில் எரிந்தது போதாதென்று, புகுந்த வீட்டிலும் அவளே மூத்த மருமகளாக வந்து நின்றாள். இருவருக்கும் ஒரே முகச்சாயல். ஆனாலும் ஊர் பேசுவது அக்காவின் பொறுமையைப் பற்றித்தான். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், பஞ்சாலையில் நிரந்தர வேலை, ஆலை ஆஸ்பத்திரியில் நீட்டினால் உடனே படுக்கை தரும் மருத்துவ அட்டை. தங்கைக்கு இவற்றில் ஒன்றும் வாய்க்கவில்லை.

அக்கா பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்த வாரம், இந்திராணிக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கொதித்தது. பீரோவில் அக்காவின் அட்டை இருந்தது. அதிலிருந்த படம் தன்னைப் போலவே இருந்தது. எல்லாம் அவளுக்கு மட்டும்தானா என்று நினைத்தாள், எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஐந்து நாள் தனபாக்கியமாகப் படுத்திருந்து, பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டு எழுந்து வந்தாள். வீட்டில் கேட்டவர்களிடம் தர்மாஸ்பத்திரி என்று சொல்லிவைத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, தனபாக்கியத்தின் கை ஆலை இயந்திரத்தில் மாட்டி, காயம் சீழ் பிடித்தது. அதே ஆஸ்பத்திரி. துணைக்கு இந்திராணி. நர்ஸ் எஸ்தர் ஊசியோடு வந்தார்.

"பென்சிலின் எனக்கு ஒத்துக்காது சிஸ்டர். சின்ன வயசுல போட்டு மூச்சே நின்னுபோச்சு" என்றாள் தனபாக்கியம்.

எஸ்தர் கணினியைப் பார்த்தார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இங்கதானே அஞ்சு நாள் இதே ஊசி போட்ருக்கு? ஒண்ணும் ஆகலையே. ஊசின்னா பயமாம்மா?"

"நான் எப்ப..." என்று தொடங்கிய தனபாக்கியம், எஸ்தர் படித்துச் சொன்ன தேதியைக் கேட்டதும் நிறுத்திக்கொண்டாள். அது பழனி போயிருந்த வாரம். தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே தெரிந்தால் அட்டையை இரவல் கொடுத்தாள் என்று தன் வேலையும் போகும், தங்கை போலீஸ் படியும் ஏற வேண்டிவரும். "மறந்துட்டேன் போல. போடுங்க" என்று கையை நீட்டினாள்.

இந்திராணிக்குப் புரிந்துவிட்டது. பயம் வந்தது. பாசமும் கொஞ்சம் வந்திருக்கலாம். ஆனால் முந்திக்கொண்டு வந்தது பொறாமைதான். செத்தால் இவளை ஊர் தெய்வமாக்கும், பிழைத்தால் ஆயுசுக்கும் இவள் முன்னால் நான் தலைகுனிய வேண்டும். அந்தப் பெருமையையும் அக்காவுக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"போடாதீங்க சிஸ்டர். அன்னைக்கு அவ பேர்ல படுத்திருந்தது நான்."

எஸ்தர் ஊசியைக் கீழே வைத்தார். இரண்டு குடும்பம் கெட வேண்டாமே என்று, டாக்டரிடம் மருந்து ஒத்துக்கொள்ளவில்லையாம் என்று மட்டும் சொல்லி, வேறு மருந்து போட ஏற்பாடு செய்தார். பழைய பதிவைத் தொடவில்லை. தனபாக்கியத்தின் பெயரில் இந்திராணியின் ரத்தப் பிரிவும் அதில் அப்படியே இருந்தது.

தங்கையைக் காட்டிக்கொடுக்காமல் கையை நீட்டிய அக்கா, பொறாமையில் உண்மையைச் சொன்ன தங்கை, இருவருக்காகவும் வாயை மூடிக்கொண்ட நர்ஸ். நீங்களே சொல்லுங்கள், இவர்களில் யார் செய்தது சரி?

விடை: அக்காவின் மனசு பெரிதுதான். ஆனால் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு உயிரை நீட்டியது சரியில்லை. நர்ஸ் அன்றைய ஆபத்தைத் தடுத்தார், அடுத்த ஆபத்தை அப்படியே விட்டுவைத்தார். நாளைக்கு அந்தப் பதிவைப் படிக்கப்போகிறவர் வேறு யாரோ. எந்த எண்ணத்தில் சொன்னாலும் இந்திராணி செய்ததே சரி, அதுவும் பாதிதான். மீதியை அவள் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். இப்போதெல்லாம் தனபாக்கியம் பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் உசிரக் காப்பாத்துனது என் தங்கச்சிதான்" என்கிறாள். கேட்கிறவர்கள் அக்காவின் பெரிய மனசைப் புகழ்ந்துகொண்டே போகிறார்கள். இந்திராணிக்கு இன்னும் வயிறு எரிகிறது.