ராஜாவின் மீசைக்குப் பல்லி சொன்ன சாட்சி

முன்னொரு காலத்தில் பல்லிக்கு அடங்கிய ராஜா ஒருவர் இருந்தார். யாராவது பேசும்போது பல்லி கத்தினால், பேசியது சத்தியம் என்று நம் வீடுகளில் சொல்வோம். சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். ராஜாவுக்கு வேறு வேலை இல்லை, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஒருநாள் சபையில் கேட்டார்: "பல்லி என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? அது எங்கிருந்து வந்தது?"

அவைப் பண்டிதர் சொல்லேறு என்பவர் எழுந்தார். தெரியாது என்று சொல்லும் வழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

"அரசே! ஆதிமொழியில் பல்லி என்றால் சாட்சி. தேவலோக நீதிசபையிலிருந்து இறங்கி வந்த சொல் அது."

அந்த நேரம் பார்த்து உத்தரத்துப் பல்லி 'ச்சு ச்சு' என்றது.

"சத்தியம்!" என்று துள்ளினார் ராஜா. "இனி நம் சபையில் பல்லி வாக்கே சாட்சி!"

பண்டிதருக்கு விகடகவி கூத்தபிரானைக் கண்டாலே ஆகாது. மறுநாள் உத்தரத்துக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டார்.

"அரசே, நம்மிடையே... எதிரி நாட்டு ஒற்றன்... ஒருவன் இருக்கிறான். அவன்... இந்தக் கூத்தபிரான்தான்!" என்று, பல்லி கத்தட்டும் என்றே ஜவ்வாக இழுத்தார். பல்லி கத்திவிட்டது.

"பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போ!" என்றார் ராஜா.

கூத்தபிரானுக்கு வீட்டில் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. அவளை எந்தக் காட்டு வழியில் நடத்திக் கூட்டிப் போவது?

"போகிறேன், அரசே. ஆனால் சாட்சியை நானும் விசாரிக்க வேண்டாமா?"

"நியாயம்தான். விசாரி."

கூத்தபிரான் அண்ணாந்து கும்பிட்டார். "பல்லியாரே! நம் அரசர் வீரர்... சூரர்... கொடையாளி..."

பல்லி வாயே திறக்கவில்லை. பண்டிதர் சிரித்தார்.

"அவருடைய மீசை மட்டும்... ஒட்டு மீசை..."

'ச்சு ச்சு ச்சு!'

ராஜாவின் கை சட்டென்று மூக்குக்குக் கீழே போனது.

"பொய்! இந்தப் பல்லி பொய்ச்சாட்சி சொல்கிறது!"

"அப்படியானால் நான் ஒற்றன் என்று சொன்னது?"

"அதுவும் பொய்தான்!"

"பண்டிதர் சொன்ன பொருள்?"

ராஜா பண்டிதரை முறைத்தார். "பல்லிக்கு என்னய்யா பொருள்?"

"தெ... தெரியாது, அரசே."

அந்தப் பரம்பரையில் அந்தச் சொல் பிறந்தது அன்றுதான். ராஜா வாய்விட்டுச் சிரித்தார், தம் பட்டுச் சால்வையை உருவிக் கூத்தபிரானுக்குப் போர்த்தினார். எல்லாவற்றையும் ஒரே கையால்தான் செய்தார். இன்னொரு கை மீசையை விடவே இல்லை.