கொட்டகையில் தொங்கிய பைகள்

தாயும் சேயும் பிழைக்கப் புதிதாக ஒன்றைச் செய்யும் ஒருவருக்கு, மடத்திலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை பணம் கிடைக்கும். யாருக்கு என்பதைக் குரு முடிவு செய்வார். அந்த ஆண்டு செண்பகத்துக்குக் கொடுத்தார்.

சடையப்பனுக்கு அது பொறுக்கவில்லை. மடத்தில் அவன் மூத்த சீடன். மலைக்காரன். நிறைமாதப் பெண்ணைப் பாறைவழியில் இறக்கிக்கொண்டு வர, நால்வர் தூக்கும் நாற்காலி ஒன்றை வருஷக்கணக்கில் யோசித்து வைத்திருந்தான். செண்பகமோ கீழே பட்டணத்துக்காரி, நேற்று வந்தவள். குரு அவளைப் பார்த்துச் சிரித்தால் இவனுக்குச் சோறு இறங்காது.

அவள் செய்தது ஒரு பை. உள்ளே மெழுகுப் பாளம். வெந்நீரில் போட்டு எடுத்து வைத்தால், பிறந்த குழந்தையை விடியும்வரை கதகதப்பாக வைத்திருக்கும். பை நல்ல பைதான். அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிரசவத்துக்கு முன்பே வீடு வீடாகக் கொடுப்பதற்காக, புதுத்துணி வாங்கித் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, உங்க மலையில இதை வாங்கிக்குவாங்களா?" என்று அவனிடமே கேட்டாள்.

வாங்கமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். பிள்ளை பிறக்குமுன் அதற்கென்று புதுசாக ஒரு நூலைக்கூட அவன் ஊரில் வீட்டுக்குள் விடமாட்டார்கள். பிறந்த பிள்ளைக்கு முதல் துணி வீட்டுப் பழஞ்சேலைதான்.

"ரொம்ப அழகா இருக்கு, தாயி" என்று சொல்லிவிட்டு, நல்ல பிள்ளையாகச் சாப்பிடப் போய்விட்டான்.

தை மாதக் குளிரில் ஊருக்குப் போய்த் திரும்பியவன் நேரே குருவிடம் போனான். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டான்.

"சாமி, செண்பகம் குடுத்த பையெல்லாம் எங்க ஊர்ல மாட்டுக் கொட்டகையில தொங்குது."

"பிள்ளைங்க?"

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"ஒண்ணுக்குக் குளிர்ல உடம்பெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. கீழ ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்காங்க. பிழைக்குமான்னு கேட்டா டாக்டர் ஒண்ணும் சொல்லமாட்டேங்கறாரு."

சடையப்பன் இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்தான்.

"அந்தந்த வீட்டுப் பழஞ்சேலையில தைச்சிருந்தா உள்ள எடுத்துட்டுப் போயிருப்பாங்க, சாமி. செண்பகம் தைக்கறப்பவே எனக்குத் தெரியும்."

"செண்பகத்துக்கிட்ட சொன்னியா?"

"பணம் வாங்கினது அவங்க. அவங்கதானே தெரிஞ்சுக்கணும்?"

குரு தலையாட்டினார்.

"சரி. அடுத்த பணம் உனக்கு. நாற்காலியைச் செய்."

சடையப்பன் காலில் விழுந்தான். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. இத்தனை காலம் இந்த ஒரு வார்த்தைக்குத்தானே காத்திருந்தான்.

"உன் நாற்காலியில ஒரு குறை இருக்காம்," என்றார் குரு. "செங்குத்தான இறக்கத்துலதான் தெரியுமாம். நம்ம மடத்துலயே ஒருத்தருக்கு அது தெரியும்."

"என்ன குறை, சாமி?"

"எனக்கும் தெரியாது. அவங்க வாயைத் திறக்கல."

"அதெப்படி?" சடையப்பனுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "புள்ளத்தாச்சி உக்கார்றது, சாமி! பாறையில கவுந்தா ரெண்டு உசுரு போயிரும். தெரிஞ்சுக்கிட்டே வாயை மூடிக்கிட்டு இருக்காங்கன்னா, அவங்கல்லாம் மனுசங்களா?"

"கோவிச்சுக்காத, சடையப்பா," என்றார் குரு. "பணம் கிடைச்சது உனக்கு. அவங்களுக்கு வயிறு எரியாதா?"