அம்மனுக்கு வராத முகம்

கலியமூர்த்தி நாலு நாளாகச் சாப்பிடவில்லை. கட்டாந்தரையில்தான் படுக்கை. மனைவி வேம்புவிடம் வேண்டுமென்றே சண்டை வளர்த்து, அவளைப் பிறந்த வீட்டுக்கும் அனுப்பிவிட்டான். இவ்வளவு பாடும் ஒரு அம்மன் முகத்துக்காக. வலித்தால்தான் கலை வரும் என்று யாரோ அவன் மண்டையில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

வலி வந்தது. முகம்தான் வரவில்லை.

வெண்கலத்தில் வார்ப்பதற்கு முன் சிலையை மெழுகில் பிடிக்க வேண்டும். பிடித்தான், அழித்தான், பட்டறைக்குள் நடந்தான், மறுபடி உட்கார்ந்தான். பட்டினியில் காய்ச்சல் வேறு கண்டிருந்தது. கைச்சூட்டில் மெழுகு இளகி, அம்மனின் மூக்கு உதட்டின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவனுடைய குரு, சொர்ணவல்லி ஸ்தபதி, எட்டிப் பார்த்தார்.

“அம்மனுக்கு ஜலதோஷம் போலிருக்கு.”

அவனுக்குச் சுருக்கென்றது.

“வேம்புவோட அண்ணன் போன் பண்ணினான். நாளைக்குள்ள நீ வந்து கூப்பிடலேன்னா, வண்டியோட வந்து அவ சாமானை எல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்களாம்.”

“எடுத்துக்கட்டும்மா. இன்னும் வலிக்கட்டும். அன்னிக்கு உங்களுக்கு வலிக்கலையா?”

“எனக்கு என்ன?”

“நீங்க செஞ்ச கோயில் அம்மனைப் பார்த்து அழாதவங்க உண்டா? உங்க வீட்டு ஐயா தவறிப்போன வருஷம் நீங்க செஞ்சதுன்னு ஊரே சொல்லுதே.”

சொர்ணவல்லி பரணிலிருந்து ஒரு கூடையை இறக்கி அவன் முன்னால் கவிழ்த்தார். மெழுகுக் கட்டிகள் உருண்டன. ஒன்றிலும் கண்ணில்லை, மூக்கில்லை. கட்டைவிரல் அழுந்திய பள்ளம் மட்டும் இருந்தது.

“அவர் தவறிப்போன வருஷம் நான் செஞ்சது இதுதான்.”

“அப்போ அந்த அம்மன்?”

“அதுக்கு மூணு வருஷம் கழிச்சு. என் நாத்தனார் வந்து கூடவே இருந்தா. தலைக்கு எண்ணெய் வெச்சு விட்டா, திட்டித் திட்டிச் சோறு போட்டா. ராத்திரியில தூக்கம் வந்துது. ஒருநாள் காலையில நாலு இட்லி தின்னுட்டு உட்கார்ந்தேன், வந்துடுச்சு.”

இத்தனை பெரிய ரகசியத்துக்குள் இட்லி இருந்ததை அவனால் தாங்க முடியவில்லை. எழுந்தான். திரும்ப உட்கார்ந்தான்.

“அந்த முகத்துல அவ்வளவு துக்கம் இருக்கேம்மா!”

“துக்கமா? அது எங்க வீட்டுக்காரர் முகம்ப்பா. நான் வெச்ச ரசத்தை மொத வாய் குடிச்சிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்ப்பாரு. அந்தப் பார்வை.”

ஒரு கட்டி மெழுகை எடுத்து அவன் கையில் வைத்தார்.

“வேம்பு சிரிச்சா எப்படி இருப்பா? பிடிச்சுக் காட்டு.”

கண்ணை மூடினான். வாசலில் பையோடு நின்று அழுத முகம்தான் வந்தது. அதற்கு முந்தைய முகத்தைத் தேடினான். கன்னத்தில் குழி விழுமே, எந்தக் கன்னம்? ஏழு வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள். முதல் தடவையாக அவனுக்குப் பயம் வந்தது. மெழுகு உள்ளங்கையில் குழைந்து கிடந்தது.

“தெரியலம்மா.”

சொர்ணவல்லி உள்ளே போய் ஒரு தட்டில் ரசம்சாதம் கொண்டுவந்து வைத்தார்.

“சாப்பிடு. மூணு மணிக்கு அவங்க ஊருக்கு பஸ் இருக்கு.”

தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“போனா... சிரிப்பாளாம்மா?”

“சிரிக்கிற வரைக்கும் அங்கேயே இரு. அம்மன் காத்துக்கிட்டிருப்பா.”