சுவர் திருப்பித் தராத குரல்

அருளப்பனுக்கு அறுபத்திரண்டு வயது. முப்பது வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொன்னவர். சொன்னதெல்லாம் ஒலிபெருக்கி வழியாகத் தன் காதிலேயே வந்து விழும். கேட்டுக் கேட்டு மனிதருக்குத் தன் குரல் மேல் அப்படியொரு காதல். ஓய்வு பெற்ற மறுவாரமே ஆப்பெரா என்ற மேற்கத்திய இசைநாடகப் பாட்டு கற்க வந்து நின்றார். குருவாக வாய்த்த மெர்லினுக்கு முப்பத்து மூன்று வயதுதான்.

மைக் இல்லாமல் பாட வேண்டும் என்பது மெர்லினின் முதல் பாடம்.

முதல் கச்சேரி கடற்கரையோரம் இருந்த பழைய தேவாலயத்தில், மாலை ஆறு மணிக்கு. மதியம் ஒத்திகையில் அருளப்பன் ஒரு வரி பாடினால் கல்சுவரெல்லாம் சேர்ந்து அதைத் திரும்பப் பாடியது. சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மாலையில் எண்பது பேர் வந்து பெஞ்சுகளை நிறைத்தார்கள். அருளப்பன் வாயைத் திறந்தார். சுவர் வாயைத் திறக்கவில்லை. பயந்துபோய் உரக்கப் பாடினார். பிறகு கத்தவே கத்தினார். கோயிலுக்குள் கைதட்ட வேண்டாம் என்று பங்குத்தந்தை சொல்லியிருந்ததால் அந்த ஆறுதலும் இல்லை. இடைவேளைக்குள் தொண்டை கரகரத்தது. பாவம், அழாத குறை.

பாக்கி ஒரே பாட்டு. இரண்டு வருடம் உழைத்தது அதற்காகத்தான்.

பக்க அறையில் மெர்லினுக்கு அருகே பிரசங்க மைக் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"டீச்சர், என் குரல் போயிடுச்சு. இதை வச்சுப் பாடிக்கிறேன்."

"எங்க போச்சு?"

"தெரியல. மத்தியானம் இருந்துச்சு."

"மத்தியானம் உள்ள எத்தனை பேர் இருந்தாங்க?"

"நீங்களும் நானும்தான்."

மெர்லின் கதவை லேசாகத் திறந்தார்.

"இப்ப எண்பது பேர், சுவருக்குப் போக வேண்டிய சத்தத்தை அவங்க வாங்கிக்கிறாங்க. கடைசி பெஞ்சைப் பாருங்க."

அங்கே ஒரு பெண், தோளில் கிடந்த குழந்தையைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு. அருளப்பன் காதைத் தீட்டிக்கொண்டார். அவர் சற்றுமுன் பாடிய பாட்டு! இத்தாலிய வார்த்தை ஒன்றுகூட அவளுக்கு வரவில்லை. மெட்டு மட்டும் வந்தது, அதுவும் மூன்றாவது வரியில் கொஞ்சம் சறுக்கியது. குழந்தை அதையெல்லாம் பார்க்கவில்லை, தூங்கிவிட்டது.

"அது என் பாட்டு," என்றார் அருளப்பன்.

"உங்க குரலைத் தேடினீங்களே சார், அங்க இருக்கு. வேணும்னா போய்த் திருப்பி வாங்கிட்டு வாங்க."

அருளப்பன் மைக்கை எடுத்த இடத்திலேயே வைத்தார்.