திவ்வியம் என்றால் இன்னொரு கரண்டி

முதலில் என் அப்பளத்தை எடுத்தவர் மந்திரி தாண்டவராயர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பூவனூர் அரண்மனைப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அவருடையது. செம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடித்தேன். தலையை இறக்கினால் இலையில் அப்பளத்தைக் காணோம். பக்கத்தில் நொறுக் நொறுக்கென்று சத்தம்.

கேட்டேன். "எந்த அப்பளம்?" என்றார், மீசையெல்லாம் தூளாக.

அன்று ராஜா சொக்கலிங்க பூபதிக்குப் பிறந்தநாள். தம் கையால் பாயசம் வைத்துச் சபைக்குப் போட ஆசைப்பட்டார். வைத்தார். பாகற்காயில் வைத்தார். புதுமையாம்!

விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தேன். காது வரை கசந்தது. விருந்து வைத்தவர் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்று ராஜா ருசி பார்க்கவே இல்லை. எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்படி?"

"திவ்வியம், மகாராஜா!" என்றார் தாண்டவராயர். "பார்க்கவும் திவ்வியம், ருசிக்கவும் திவ்வியம்!"

ராஜா என் பக்கம் திரும்பினார். "என்ன பேச்சியப்பரே, வாயே திறக்கவில்லை?"

மந்திரி முந்திக்கொண்டார். "அவருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது, மகாராஜா. தெரியாதவருக்கு ராஜ பந்தியில் இலை எதற்கு?"

ராஜாவின் முகம் சுருங்கியது. "பொருளைச் சொல்லும். சொல்லாவிட்டால் நாளை முதல் உமக்கு இலை கிடையாது."

எனக்கோ வேறு அடுப்பு கிடையாது.

"மகாராஜா, ஊர் எப்படிப் புழங்குகிறதோ அதுதானே ஒரு சொல்லுக்குப் பொருள்? பந்தியில் ஒருவர் திவ்வியம் என்றால் பரிமாறுகிறவர் என்ன செய்வார்?"

"இன்னொரு கரண்டி போடுவார்."

"அதுதான் பொருள். மந்திரி மூன்று தடவை கேட்டுவிட்டார். பாவம், யாரும் கவனிக்கவில்லை."

ராஜா பூரித்துப்போய்த் தாமே வாளியைத் தூக்கினார். மூன்று கரண்டி விழுந்தது. ராஜா ஊற்றியதை மிச்சம் வைக்க முடியுமா? மந்திரி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"எப்படி?"

பழக்கம் விடுமா? "தி... திவ்வியம்!"

இன்னொரு கரண்டி விழுந்தது.

"இப்போது?"

தாண்டவராயர் இரண்டு கைகளையும் விரித்து இலையை மறைத்தார். "ஐயோ, கசக்கிறது மகாராஜா! வேப்பிலை தேவலை!"

ராஜா கரண்டியை நக்கிப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணியது.

"தூ! பேச்சியப்பரே, ஒரு மரியாதைக்காவது நீரும் திவ்வியம் என்று சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருப்பேன், மகாராஜா. வாளி பக்கத்திலேயே இருந்ததே!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆயுள் உள்ளவரை எனக்கு அவர் பக்கத்தில் இலை என்று உத்தரவு போட்டார்.

எழுந்திருக்கும்போது மந்திரியின் இலையைப் பார்த்தேன். பாயசத்தில் அவருடைய அப்பளம் ஊறிக் கிடந்தது. "எடுத்துக்கொள்ளுமேன்" என்றார்.

ஊறியதெல்லாம் கணக்கில் சேராது. என்னுடையது மொறுமொறுப்பாக, முழுசாக இருந்தது. அது இன்னும் வரவில்லை.