முகத்துவாரத்தில் விழுந்த பாய்

பாய் கட்டிய பலகையில் நின்று காற்றில் ஓட்டும் விண்ட்சர்ஃபிங்கைப் பிலோமியிடம் கற்க வந்தவர்களில் நம்பிராஜன்தான் வயதில் மூத்தவர். பாளையங்கோட்டையில் வக்கீல். தலை பாதிக்குமேல் நரைத்தவர். பிலோமிக்கு முப்பது தாண்டி ஒன்றிரண்டு வருஷம்தான் இருக்கும். ஆனாலும் கரையில் கால் வைத்த முதல் நாளிலிருந்து அவர் அவளை மாஸ்டர் என்றே கூப்பிட்டார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

ஆறு கடலில் சேரும் இடம் அது. மார்கழி பிறந்துவிட்டால் கொண்டல் காற்று கடலிலிருந்து நேராக ஆற்றுக்குள் ஏறும். அந்தக் காற்றுக்காகவே மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பலகையும் பாயும் கட்டிக்கொண்டு வேன்கள் வந்து நிற்கும்.

காற்று உள்ளே தள்ளும், ஆறு வெளியே இழுக்கும். பாய் நிமிர்ந்து நிற்கும்வரை ஆள் காற்றின் பிடியில் இருப்பான். பாய் விழுந்தால் தண்ணீரின் பிடிக்குப் போய்விடுவான். பிலோமியின் முதல் பாடம் இதுதான். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலையில் நல்ல மழை பெய்து ஆறு செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. காற்றும் விடவில்லை. இரண்டும் மோதிய இடத்தில் அலைகள் சுவர் மாதிரி எழுந்து எழுந்து விழுந்தன. மத்தியானத்துக்குள் ஆற்றில் எங்கே பார்த்தாலும் பாய்.

நம்பிராஜன் போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரையேறினார். போர்டின் மூக்கு பெயர்ந்திருந்தது. அவருடைய முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. போர்டை மணலில் தொப்பென்று போட்டார்.

"மாஸ்டர், ஒரு நியாயம் சொல்லுங்க."

பிலோமி ஒரு பாயின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"எதிரெதிரா ரெண்டு பேர் வந்தா யாருக்கு வழி?"

"வலது கை முன்னால இருக்கிறவருக்கு."

"எனக்கு வலது கை முன்னால இருந்துச்சு. அந்தத் தருண் வந்து நேரா இடிச்சான். தொப்பியில கேமரா. அலையில எகிறிக் குதிக்கிறதைப் படம் எடுக்கிறானாம். நான் தண்ணிக்குள்ள போயி மேல வர்றேன், என்ன சொன்னான் தெரியுமா? பார்த்து வரணும் அங்கிள்ங்கிறான்."

தருண் சென்னையிலிருந்து வருகிறவன். அங்கே வருகிறவர்களில் அவனைப்போல ஓட்ட ஆள் கிடையாது. அது அவனுக்கும் தெரியும்.

"யார் தப்பு மாஸ்டர்?"

"அவன் தப்புதான்."

"அவன்கிட்ட நீங்க சொல்ல வேண்டாமா?"

"காலையிலேயே ரெண்டு பேரை இப்படித்தான் உரசிட்டுப் போனான். கூப்பிட்டுச் சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"சிரிச்சான்."

நம்பிராஜனுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "இனிமே இங்க இறங்கக் கூடாதுன்னு சொல்லுங்க."

"ஆறு எனக்குச் சொந்தமில்லையே. பலகை என்னோடதா இருந்தா பிடுங்கி வச்சிருவேன். அவன் சொந்தமா கொண்டுவர்றான்."

"அப்ப அவன் என்ன வேணா செய்யலாம்."

பிலோமி மருந்துப் பெட்டியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் அதைத் திறக்கவில்லை. ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தார்.

பக்கத்தில் யாரோ காபி நீட்டினார்கள். வேண்டாமென்று கையால் சொன்னார். அவர் பார்வை தருணின் ஆரஞ்சுப் பாயோடு போய்க்கொண்டிருந்தது. அது அக்கரைக்குப் போனால் இவர் கழுத்து அக்கரைக்குத் திரும்பும். குதித்தால் இவர் பல்லைக் கடிப்பார். அவன் கரையேறியதும் கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்திவிட்டார். முதலில் சட்டம். பிறகு மரியாதை. அங்கிள் என்ற வார்த்தையைக் கடைசியில் வைத்துக்கொண்டார்.

வெயில் சாய ஆரம்பித்தது. ஆரஞ்சுப் பாய் மற்றவர்களையெல்லாம் விட்டு முகத்துவாரத்தை நோக்கிப் போனது. அங்கேதான் பெரிய அலை. ஒன்றில் ஏறியது. உயரத்தில் ஒரு கணம் நின்றது. இறங்கியதை அவர் பார்க்கவில்லை.

எழுந்து நின்றார்.

"மாஸ்டர், அவன் பாய் காணோம்."

பிலோமி திரும்பினாள். கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தாள். அலையும் நுரையும் தவிர எதுவும் இல்லை. கரையில் நின்றவர்களும் பார்த்தார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

"எங்க?"

"தெக்கு மணல்திட்டு முடியுற இடத்துக்கு அந்தப் பக்கம். அலைக்கு மேல போனான், அப்புறம் எழும்பல. பாய்மரம் முறிஞ்சிருக்கும். இழுத்துட்டுப் போகுது மாஸ்டர்."

மோட்டார் படகு ஆற்றின் மேல்பக்கம், வளைவுக்கு அந்தப் புறம், புதிதாகக் கற்பவர்களோடு போயிருந்தது. பிலோமி அதை போனில் கூப்பிட்டாள். பேசி முடிக்குமுன்பே கட்டியிழுக்கும் கயிற்றை எடுத்து நம்பிராஜன் மேல் எறிந்தாள்.

"நீங்க போங்க அண்ணாச்சி. படகு பின்னாலயே வருது."

"நானா?"

"நீங்கதான்."

"அவனுக்கா?"

அவள் அவருடைய போர்டையும் பாயையும் தானே தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள். அவரும் அவள் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று.

போகிற வழியெல்லாம் அவர் திட்டிக்கொண்டே போனார். காற்று எதிரே அடித்தது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகக் கோணல்மாணலாக ஏற வேண்டியிருந்தது. ஆறு பின்னாலிருந்து தள்ளிக்கொடுத்தது. அந்தத் தள்ளல்தான் அவருக்குப் பயமாக இருந்தது. போகும்போது உதவுகிற தண்ணீர் திரும்பும்போது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும்.

திட்டைத் தாண்டியதும் தலை தெரிந்தது. தருண் போர்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். முறிந்த மரமும் பாயும் தண்ணீருக்கடியில் தொங்கி அவனைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தன. உதடு வெளுத்திருந்தது. அவனுக்கு அப்பால் அலைகள் மணல்மேட்டில் விழுந்து உடைகிற சத்தம் பக்கத்தில் கேட்டது.

"பாயைக் கழட்டி விடு" என்றார் நம்பிராஜன்.

"புதுப் பாய், அங்கிள்."

"விடுறியா, இல்ல நான் திரும்பிப் போகட்டுமா?"

அவன் அவர் முகத்தைப் பார்த்தான். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது தெரிந்தது. பாயைக் கழற்றி விட்டான். அது ஒரு பெரிய மீனைப்போலப் புரண்டு கீழே போனது.

கயிற்றை அவனுடைய போர்டில் கட்டினார். ஈரத்தில் முடிச்சு இரண்டு தடவை நழுவியது. பிறகு தன் பாயை நிமிர்த்தினார். கொண்டல் முதுகுப்பக்கம் வந்து பாயில் நிறைந்தது. கயிறு விறைத்தது. ஆனாலும் கரை நகரவில்லை. தென்கரையில் ஒரு பனைமரம் நின்ற இடத்திலேயே நின்றது. அவர் முழு உடம்பையும் பின்னால் சாய்த்துத் தொங்கினார். தோள் பிய்ந்துவிடும்போல இருந்தது. விட்டுவிடலாம் என்று ஒரு தடவை நினைத்தார். அப்படி நினைத்ததற்கும் அவன்மேலேயே கோபம் வந்தது.

பனைமரம் மெல்லப் பின்னால் போகத் தொடங்கியது.

திட்டுக்கு இந்தப் பக்கம் வந்தபோது மோட்டார் படகு எதிரே வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டது.

கரையில் கூட்டம் கூடியிருந்தது. யாரோ தருணுக்குத் துண்டு போர்த்தினார்கள். அவனுடைய நண்பர்கள் சூழ்ந்து நின்று என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

"மரம் உடைஞ்சுடுச்சு. அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா நானே நீந்தி வந்திருப்பேன்" என்றான் தருண்.

நம்பிராஜன் நாலடி தள்ளி, மணலில் மண்டியிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தருண் அவர் பக்கம் ஒருமுறை பார்த்தான். வாயைத் திறக்கப் போகிறான்போல இருந்தது. பிறகு தொப்பியைத் தடவிப் பார்த்துக் கேமரா ஓடுகிறதா என்று நண்பனிடம் கேட்டான். எல்லோருமாக வேனுக்குப் போனார்கள்.

மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்த எதுவும் நம்பிராஜனின் நாக்குக்கு வரவில்லை. வேன் புறப்பட்டுப் போன பிறகுதான் எழுந்தார். பிலோமி நனைந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார்.

"பார்த்தீங்களா மாஸ்டர்?"

"பார்த்தேன்."

"தேங்க்ஸ்கூடச் சொல்லல."

"சொல்லல."

"இடிச்சதுக்கு மன்னிப்பும் கேட்கல."

"கேட்கல. அது தப்புதான். அடுத்த வாரம் வந்தா இந்தக் கரையில மாட்டிக்கிட்டா அவனை எடுக்க எங்க படகு வராதுன்னு சொல்லிருவேன்."

அது அவருக்குப் போதவில்லை. நின்றுகொண்டே இருந்தார். முழங்கைக் காயத்தில் உப்பு எரிந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கரையில அத்தனை பேர் நின்னாங்க. என்னைவிட நல்லா ஓட்டுறவங்க, வயசுப் பிள்ளைங்க. அவன் வந்தா சட்டையைப் பிடிக்கணும்னு உட்கார்ந்திருந்தவன் நான். அது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னைப் போய் ஏன் அனுப்புனீங்க?"

பிலோமி கயிற்றைச் சுருட்டி முடித்து ஆணியில் மாட்டினாள்.

"மத்தவங்க போனா அவனைத் தேடணும் அண்ணாச்சி. நீங்கதான் மத்தியானத்துல இருந்து அவன் மேல வச்ச கண்ணை எடுக்கவே இல்லையே."