படத்தில் இருக்கிறபடி

செவ்வந்தியப்பன் முப்பத்தைந்து வருஷம் தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்தார். ஓய்வு பெற்றதும் ஞானம் தேடிக் கஞ்சி மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடத்துத் தலைவி அங்கம்மாளுக்கு நாற்பது வயதுதான். இருந்தாலும் குரு குருதானே. அவர் ‘அம்மா’ என்று கூப்பிட்டார். அம்மா அவரைக் ‘கிளார்க்கையா’ என்று கூப்பிட்டார்.

போக்கிடம் இல்லாத பதினாலு பேர் அந்த மடத்தில் இருந்தார்கள். கூடத்தின் ஓட்டுக் கூரையில் ஒரு பெரிய ஓட்டை. மத்தியானத்தில் சூரியன் அந்த வழியாக இறங்கிவந்து, கீழே கட்டிலில் கிடக்கும் சன்னாசியின் கஞ்சியைக் குடித்துவிட்டுப் போகும். பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சூரியனின் மீசையில் பருக்கை ஒட்டியிருந்ததாம்.

சன்னாசி மூட்டை தூக்கி முதுகு ஒடிந்தவர். எழுந்திருக்க மாட்டார். அவர் படும் பாட்டைப் பார்த்துச் சூளைக்காரர் ஒருவர் இருபது ஓடுகளைச் சும்மா கொடுத்தார். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

“இறங்குங்கம்மா!” என்று செவ்வந்தியப்பன் ஓடிவந்தார். “கூரைக்கு மானியம் இருக்கு. மூணு மாசமா இ-சேவை மையத்துல உக்காந்து தேடினேன். ஒண்ணு மீனவருக்குன்னான், ஒண்ணு மகளிர் குழுவுக்குன்னான், ஒண்ணு போன வருஷமே முடிஞ்சுபோச்சுன்னான். இது ஒண்ணுதான் நமக்குப் பொருந்துது. மொத்தக் கூரையும் கான்கிரீட்!”

“கிடைக்கட்டும். அதுக்கு நான் ஏன் இறங்கணும்?”

“ஓவர்சீயர் வந்து பாக்கும்போது ஓட்டை இருக்கணும். அனுமதிக்கு முந்தி வேலை பாத்துட்டா மனு தள்ளுபடி.”

“எப்ப வர்றாரு?”

“வர்ற வியாழக்கிழமை.”

அம்மா இறங்கினார். ஓடுகளைச் சுவரோரம் அடுக்கினார்.

செவ்வந்தியப்பன் மனுவுக்குப் படம் எடுத்தார். மேலே ஓட்டை, கீழே கட்டில், கட்டிலில் சன்னாசி. சன்னாசி தலை சீவிக்கொண்டார்.

“சிரிக்கலாமா சார்?”

“கூடாது. பாதிக்கப்பட்டவர்னு போட்டிருக்கேன்.”

வியாழக்கிழமை வந்தது. ஓவர்சீயர் வரவில்லை. மனு திரும்பி வந்தது. கட்டட உறுதிச் சான்று இணைக்கவில்லையாம்.

“விழப்போற கட்டடம் உறுதியா இருக்குன்னு சான்றா?” என்று அம்மா கேட்டார்.

“அது விதிங்கம்மா.”

சான்று வாங்க இரண்டு மாதம். மடத்தின் பட்டா, இறந்துபோன பழைய தலைவர் பெயரில் இருந்தது. அதை மாற்ற நாலு மாதம். அதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. முதல் மழை வேறெங்கும் பெய்யவில்லை. நேராகச் சன்னாசியின் நெஞ்சில் பெய்தது.

அம்மா ஓடிப்போய்க் கட்டிலை இழுத்தார்.

“அம்மா, கட்டிலை நகர்த்தாதீங்க. படத்துல இருக்கிற மாதிரியே இருக்கணும். வர்ற வியாழக்கிழமை நிச்சயம் வர்றாங்க.”

அம்மா அவரைப் பார்த்த பார்வையில் செவ்வந்தியப்பன் இரண்டடி பின்வாங்கினார். ஆனால் கட்டிலில் இருந்தவர் பேசினார்.

“விடுங்கம்மா. என் படம் மெட்ராஸ் வரைக்கும் போயிருக்கு. பதினாலு பேருக்குக் கூரை வரப்போகுது. முதுகு ஒடிஞ்சதுக்கு அப்புறம் நான் பாக்கிற முதல் வேலை இது. கெடுக்காதீங்க.”

அம்மா கட்டிலை விட்டார். குடையை எடுத்துவந்து அவர் தலைமாட்டில் நின்றார்.

மழை விடவில்லை. தினமும் காலையில் அம்மா கேட்பார்: “சன்னாசி, நகர்த்தட்டுமா?” சன்னாசி இருமிவிட்டு, “வேணாம்மா” என்பார். குடைக்குத் தலையை மறைக்கத் தெரிந்தது. கால்களை மறைக்கத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் வியாழக்கிழமை. அன்றைக்கும் யாரும் வராமல் போகவே செவ்வந்தியப்பன் கேட்டார்: “அம்மா, இன்னும் எத்தனை நாள் பொறுத்தா கிடைக்கும்?”

அம்மா குடையைப் பிடித்தபடியே சொன்னார்:

“ஒரு ஊர்ல ஒரு வீடு தீப்பிடிச்சுது. அணைக்கப் போனவங்களை வீட்டுக்காரன் குறுக்கே விழுந்து தடுத்தான். ‘நிவாரணம் உண்டு. அதிகாரி தீயைக் கண்ணால பாக்கணும்’னான். அதிகாரி வெளியூர் போயிருந்தாரு. ஊரே சேந்து தீயைக் காப்பாத்திச்சு. வைக்கோலைப் போட்டாங்க. வைக்கோல் தீந்ததும் கதவைக் கழட்டிப் போட்டாங்க. மழை வந்தப்போ நாலு பேர் நின்னு தீக்குக் குடை பிடிச்சாங்க. தீக்கு அங்கேயே இருந்து அலுத்துப்போச்சு. பக்கத்து வீட்டுக்குப் போச்சு. ஏழாம் நாள் அதிகாரி வந்தாரு. மனுவைப் பாத்தாரு. தெருவைப் பாத்தாரு. ‘மனுவுல ஒரு வீடுன்னு இருக்கு. இங்க முப்பது வீடு எரியுது. விவரம் ஒத்துப்போகலை’ன்னு எழுதிட்டுப் போயிட்டாரு.”

சன்னாசி இருமலுக்கு நடுவே சிரித்தார்.

செவ்வந்தியப்பன் சிரிக்கவில்லை. நன்றாக யோசித்துவிட்டு, “தப்பு ஊர்க்காரங்க மேலதாம்மா. திருத்திய மனு ஒண்ணு குடுத்திருக்கணும்” என்றார்.

அம்மா குடையைக் கை மாற்றிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் காலையில் அம்மா வழக்கம்போலக் கேட்டார். இருமலும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வியாழக்கிழமை. அன்றைக்கு ஓவர்சீயர் வந்துவிட்டார். நல்ல மனிதர். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கையில் படம் இருந்தது. அண்ணாந்து பார்த்து, “ஓட்டை சரி” என்றார். குனிந்து பார்த்து, “கட்டில் சரி” என்றார். பிறகு படத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இதுல ஒருத்தர் இருக்காரே, அவர் எங்க சார்?”

காலிக் கட்டிலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரோரம் இருபது ஓடுகளும் நனையாமல் இருந்தன.

செவ்வந்தியப்பன் அடுக்களைக்குப் போனார். அம்மா கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அம்மா… ஆள் எங்கன்னு கேக்கறாரு. நான் என்ன எழுதித் தர்றது?”

அம்மா திரும்பவில்லை.

“ஓட்டையைப் பத்திரமா காப்பாத்திட்டோம்னு எழுதிக் குடுங்க, கிளார்க்கையா.”